கடல் பற்றி மலையிலிருந்து வந்த கேள்விகள்

போன இதழில் பாய்ப்படகில் தனி ஆளாக உலகத்தைச் சுற்றியவர்களைப் பற்றி ஒரு சின்னப் பதில் எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவேயில்லை, அதிலும் நிறையப் பேர் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு இந்த முறை கடலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். காலித் துறைமுகத்தில் வந்து நிற்கும் வெளிநாட்டுப் படகுகளில் ஆளாகச் சேர்ந்து போய்வந்தவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்த வரைக்கும்.

யூடியூபில் பாய்ப்படகு வீடியோக்கள் பார்க்கத் தொடங்கியதிலிருந்து வேறு எதிலும் மனம் போகவில்லை. ஒரு படகு, ஒரு கமரா, நாடு நாடாகப் போய்க்கொண்டே வீடியோ போட்டுப் பிழைக்க முடியுமா? உண்மையைச் சொல்லுங்கள் அண்ணா.
– உயர்தர மாணவி, பண்டாரவளை

பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள் தங்கச்சி. டெலோஸ், லா வகபொண்ட் என்ற பாய்ப்படகுச் சேனல்களின் பெயர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். 2019 நவம்பரில் காலநிலைக்காகப் போராடும் கிரெட்டா துன்பெர்க் விமானம் ஏறமாட்டேன் என்று நின்றபோது, அமெரிக்காவிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டி லிஸ்பனில் கொண்டுபோய் இறக்கியது லா வகபொண்ட் குடும்பத்தின் படகுதான். ஆனால் இவர்கள் வருடக்கணக்காக விடாமல் வீடியோ போட்டு வந்தவர்கள். விளம்பரக் காசை மட்டும் நம்பியும் இல்லை, பார்க்கிறவர்கள் விரும்பிக் கொடுக்கும் சந்தாப் பணமும் சேர்ந்துதான் படகு ஓடுகிறது. யூடியூபில் விளம்பரப் பங்கு முழுசாகக் கிடைக்க 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்துக்குள் 4,000 மணிநேரப் பார்வையும் சேர வேண்டும். அதன் பிறகும் பார்க்கிறவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதை வைத்துத்தான் காசு கூடும், குறையும். தமிழில் போட்டால் இலங்கையிலும் இந்தியாவிலும் இருக்கிறவர்கள்தான் அதிகம் பார்ப்பார்கள், இங்கே விளம்பர விலை குறைவு. இதைத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

வீடியோவில் வராத பக்கத்தையும் கொஞ்சம் சொல்கிறேன். கடலில் விடிந்ததும் முதல் வேலை படகை ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பது. தளத்தின் நீளத்துக்கு இழுத்துக் கட்டிய பட்டியில் இடுப்புக் கொக்கியை மாட்டிக்கொண்டு முன்முனையான அணியம் வரைக்கும் தவழ்ந்தாவது போய்வர வேண்டும். பாயை இழுத்துப் பிடிக்கிற கயிறு ராத்திரி முழுக்கக் கப்பியில் ஒரே இடத்தில் உரசியிருக்கும். அந்த இடத்தைக் கையில் பிடித்து உருட்டிப் பார்த்தால் மேலுறை பஞ்சு பஞ்சாகக் கிளம்பி, உள்ளே இருக்கிற வெள்ளை நார் தெரியும். அப்போதே ஒரு சாண் இளக்கியோ இழுத்தோ உரசும் இடத்தை மாற்றிவிட்டால் சரி, விட்டால் அடுத்த ராத்திரிக் காற்றில் அறுந்து, பாய் படபடவென்று அடித்துக் கிழிந்து, அதைத் தைக்க மூன்று நாள் உட்கார வேண்டும். தளத்தில் ஒரு திருகாணி உருண்டு கிடந்தால் அது எங்கிருந்து கழன்றது என்று பாய்மரத்தின் உச்சி வரைக்கும் தேட வேண்டும், கண்டுபிடிக்காமல் தூக்கம் வராது. பம்பு அடைக்கும், கக்கூஸ் அடைக்கும், எஞ்சின் எண்ணெய் கசியும். இந்த வேலைகளுக்கு நடுவில் கிடைக்கிற நேரத்தில்தான் படம் எடுப்பதும், நாட்கணக்கில் உட்கார்ந்து வெட்டி ஒட்டுவதும். நீங்கள் பார்க்கிற இருபது நிமிடம் அப்படி வருகிறது.

இதற்குப் பிறகும் ஆசை குறையவில்லை என்றால் அது நல்ல ஆசைதான், விடாதீர்கள். பரீட்சையை எழுதி முடியுங்கள், கூடவே கையில் ஒரு தொழில் வைத்துக்கொள்ளுங்கள். டீசல் எஞ்சின் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர், வயர் வேலை தெரிந்தவர், தடித்த துணி தைக்கத் தெரிந்தவர், இவர்களுக்குப் படகில் எப்போதும் இடம் உண்டு. உங்கள் தோட்டத்துத் தொழிற்சாலையிலேயே எஞ்சின் வேலை தெரிந்த ஒரு மாமா இருப்பார். லீவு நாளில் அவருக்குப் பக்கத்தில் நின்று சாவி எடுத்துக் கொடுங்கள், அது கமரா வாங்குவதைவிட உங்களைச் சீக்கிரம் கடலில் கொண்டுபோய் விடும்.

தனியாகப் போகிறவர்கள் எப்படித் தூங்குகிறார்கள்? படகு தானாகப் போகுமா?
– மஸ்கெலியா வாசகர்

படகு தானாகப் போகும். காற்றின் திசையைப் பிடித்துக்கொண்டு சுக்கானைத் திருப்புகிற ஒரு பொறி பின்பக்கத்தில் இருக்கும், அதற்கு மின்சாரமே வேண்டாம். மின்சாரத்தில் ஓடுகிற தானியங்கிச் சுக்கானும் உண்டு. சிக்கல் தூக்கத்தில்தான். பாய்ப்படகில் உட்கார்ந்திருப்பவரின் கண் தண்ணீருக்கு மேலே 2 மீற்றர் உயரத்தில் இருந்தால் அவருக்குத் தெரிகிற கடல் விளிம்பு வெறும் 3 கடல் மைல். பெரிய கப்பலின் மேல்பகுதி உயரம் என்பதால் அது சுமார் 8 மைலிலேயே கண்ணில் படும் என்று வைத்துக்கொள்வோம். கப்பல் மணிக்கு 20 மைல், படகு 5 மைல், இரண்டும் நேருக்கு நேர் வந்தால் மணிக்கு 25. கணக்குப் போட்டுப் பாருங்கள், இருபது நிமிடம்கூட இல்லை. அதனால்தான் தனியாகப் போகிறவர்கள் கப்பல் பாதையில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்து எழுந்து நாலு பக்கமும் பார்த்துவிட்டு மறுபடி படுக்கிறார்கள். கரையும் கப்பல் பாதையும் தூரப் போன பிறகு கொஞ்சம் நீளமாகத் தூங்குவார்கள். கப்பல்கள் தாங்கள் இருக்கும் இடத்தை ஒன்றுக்கொன்று அறிவிக்கிற ஏஐஎஸ் கருவி வந்தபின் கப்பல் நெருங்கினால் அதுவே சத்தம் போடும், ஆனால் சின்ன மீன்பிடி வள்ளங்கள் பலவற்றில் அந்தக் கருவி இல்லை. நம் தெற்குக் கடலில் கப்பலும் அதிகம், வள்ளமும் அதிகம். ஆகவே காலியிலிருந்து தனியாகப் புறப்படுகிறவர் முதல் இரண்டு ராத்திரி தூங்க முடியாது என்றே எண்ணிக்கொள்ள வேண்டும். எப்போதும் ஓர் ஆள் விழித்துக் கண்காணிக்க வேண்டும் என்பது சர்வதேசக் கடல் விதி. தனிப் பயணம் என்றாலே அந்த விதி உடைகிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நான் போன் கடையில் வேலை செய்கிறேன். படகில் படம் எடுக்க எந்தக் கமரா நல்லது?
– ஹட்டன்

தம்பி, கமராவைவிடச் சத்தம்தான் முக்கியம். ஆடுகிற படத்தைச் சனங்கள் மன்னிப்பார்கள், காற்று அடிக்கிற சத்தத்தில் பேச்சு கேட்காவிட்டால் ஒரு நிமிடத்தில் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். மைக்குக்கு மேல் பொசுபொசு என்று இருக்கிற மயிர் உறையைப் போட்டு, சட்டைக் கழுத்துக்கு உள்ளே மாட்டுங்கள். நீளமாகப் பேச வேண்டியதைக் கீழே அறைக்குள் மெத்தைக்கும் தலையணைக்கும் நடுவில் உட்கார்ந்து தனியாகப் பதிவு செய்யுங்கள். தண்ணீர் புகாத பை போட்ட போனில் படம் வரும், குரல் அமுங்கிப் போகும்.

அடுத்தது உப்பு. அலைத் தூறல் பட்டுக் காய்ந்தால் கண்ணாடியில் பொடி உப்பு படியும். அதை அப்படியே துணியால் துடைத்தால் கீறிவிடும், முதலில் இரண்டு சொட்டு நல்ல தண்ணீர் விட்டுக் கரைத்துவிட்டுத்தான் துடைக்க வேண்டும். தினமும் செய்ய வேண்டிய வேலை இது. மெமரி கார்டில் இருப்பதை அன்றன்றைக்கே இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள், உள்ளே தட்டு சுழலுகிற பழைய ஹார்ட் டிஸ்க் ஆட்டத்துக்குத் தாங்காது, எஸ்எஸ்டி வாங்குங்கள்.

ட்ரோன் வைத்திருக்கிறவர்களுக்கு இன்னொன்று. பெட்டரி குறைந்ததும் புறப்பட்ட இடத்துக்குத் திரும்புகிற வசதி அதில் இருக்கிறதல்லவா, படகு அதற்குள் அரை மைல் போயிருக்கும், ட்ரோன் வெறும் தண்ணீருக்கு மேல் வந்து நின்று அழகாக இறங்கி முழுகிவிடும். அந்த வசதியை மாற்றி வைத்துவிட்டுக் கையால் ஏற்றிக் கையால் பிடிக்கப் பழக வேண்டும். நிற்கிற இடத்தில் பழகி முடித்த பிறகு நகர்கிற படகில் பழகுங்கள். மழையிலும் பனிமூட்டத்திலும் படம் எடுத்துப் பழக உங்களுக்கு ஹட்டனைவிட நல்ல இடம் வேண்டுமா? காசல்ரி நீர்த்தேக்கக் கரையில் ஜூன் மாதத்தில் ஒரு மத்தியானம் நின்று பாருங்கள்.

ஒரே ஒரு விதி சொல்கிறேன், இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை. விழித்திருந்து கடலைக் கண்காணிக்கிற காவல் முறை உங்களுடையது என்றால் கமரா பெட்டிக்குள் இருக்க வேண்டும். டொல்பின் வரட்டும், சூரியன் எந்த நிறத்தில் வேண்டுமானாலும் இறங்கட்டும். உள்ளே தூங்குகிறவர் உங்கள் கண்ணை நம்பித்தான் தூங்குகிறார்.

வீடியோவில் காட்டுவதை நம்பலாமா? தனியாகப் போனேன் என்று ஒருவர் சொன்னால் யார் பார்த்தது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கொட்டகலை

ஐயா, இந்தக் கேள்விக்கு ஒரு துயரமான கதை பதிலாக இருக்கிறது. 1968இல் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் போட்டி நடந்தது. ஒன்பது பேர் புறப்பட்டு ஒரே ஒருவர்தான் முடித்தார், ரொபின் நொக்ஸ் ஜோன்ஸ்டன், 312 நாள். அவருடைய சுஹைலி 32 அடிப் படகு, பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டியது. அதே போட்டியில் டொனால்ட் குரோஹர்ஸ்ட் என்பவரும் போனார். பிபிசி அவருக்குப் படம் எடுக்கக் கமராவும் ஒலிப்பதிவுக் கருவியும் கொடுத்திருந்தது. படகு தெற்குப் பெருங்கடலுக்குத் தாங்காது என்று தெரிந்ததும், திரும்பி வந்தால் கடனில் எல்லாம் போய்விடும் என்ற பயத்தில், அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு உலகைச் சுற்றுவது போல ரேடியோவில் பொய்யான இடங்களை அனுப்பினார். கமராவுக்கு முன்னால் உற்சாகமாகத்தான் இருந்தார். 1969 ஜூலை 10 அன்று அவருடைய படகு ஆள் இல்லாமல் மிதந்தபடி கண்டெடுக்கப்பட்டது. நொக்ஸ் ஜோன்ஸ்டன் தனக்குக் கிடைத்த 5,000 பவுண் பரிசை அந்த மனிதரின் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்.

இன்றைக்குச் செயற்கைக்கோள் கருவி படகு இருக்கும் இடத்தை மணிக்கு மணி கரைக்குச் சொல்லிவிடுவதால் அந்த மாதிரிப் பொய் சொல்வது கடினம். மனநிலையை மறைக்கும் பொய்க்குத்தான் கருவி இல்லை. அதனால்தான் எலன் மெக்கார்தர் என்ற ஆங்கிலேயப் பெண்ணை நான் பெரிதாக மதிக்கிறேன். 2000–2001 வொண்டே குளோப் போட்டியில் 94 நாளில் தனியாக உலகைச் சுற்றி இரண்டாவதாக வந்தபோது அவருக்கு வயது 24. களைத்துப்போய் அழுததையும் தானே படம் எடுத்து, மறைக்காமல் காட்டினார். எந்த வீடியோவை நம்புவது என்றால், ஒன்றுமே நடக்காத நாட்களையும் சரிவராமல் போன வேலைகளையும் காட்டுகிறவரை நம்புங்கள் ஐயா.

தமிழ்ப் பெண் யாராவது இப்படிப் போயிருக்கிறாரா?
– பசறை வாசகி

போயிருக்கிறார். புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி, இந்தியக் கடற்படையின் லெப்டினன்ட் கொமாண்டர். கேரளத்தைச் சேர்ந்த தில்னாவும் அவரும் இரண்டே பேராக, தாரிணி என்ற 56 அடிப் பாய்ப்படகில் 2024 ஒக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, போக்லாந்து, தென்னாபிரிக்கா என்று நான்கு இடங்களில் மட்டும் நின்று, தென்னமெரிக்காவின் தென்முனையான கேப் ஹோர்னைச் சுற்றி, 2025 மே மாதம் 29 அன்று திரும்பி வந்தார்கள். இது இருவர் பயணம், தனிப் பயணம் அல்ல. ஆனாலும் ஒருவர் காவலில் இருக்கும்போது மற்றவர் தூங்குவார் என்பதால் பெரும்பாலான நேரம் தளத்தில் ஓர் ஆள்தான். இந்தப் பெயர் நம் பாடசாலைச் சுவர்களில் இருக்க வேண்டிய பெயர்.

மகனுக்கு 22 வயது, கொழும்பில் கடையில் நிற்கிறான். காலியில் வெள்ளைக்காரர் படகில் வேலைக்கு ஏறப்போகிறேன் என்கிறான். எனக்கு நெஞ்சு பதறுகிறது. நாலு புத்தி சொல்லுங்கள்.
– ஒரு தாய், லிந்துல

அம்மா, உங்கள் பதற்றம் நியாயமானது, அவன் ஆசையும் நியாயமானது. முதலில் ஒரு சம்பவம் சொல்கிறேன். அபிலாஷ் டோமி என்ற இந்தியக் கடற்படை அதிகாரி, மறுபடி நடத்தப்பட்ட கோல்டன் குளோப் போட்டியில் தனியாகப் போய்க்கொண்டிருந்தபோது, 2018 செப்டம்பர் 21 அன்று தெற்கு இந்து சமுத்திரத்தில், அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலிருந்து ஏறக்குறைய 1,900 கடல் மைல் தூரத்தில், புயலில் பாய்மரம் முறிந்து முதுகெலும்பு அடிபட்டு எழும்ப முடியாமல் கிடந்தார். படகில் இருந்த ஈபேர்ப் என்ற அவசர ஒலிபரப்பி செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பியது, மூன்றாம் நாள் ஒரு பிரெஞ்சுக் கப்பல் வந்து தூக்கியது. முதுகில் சத்திரசிகிச்சை செய்து, நடக்கப் பழகி, 2022இல் அதே போட்டிக்குத் திரும்பப் போய் இரண்டாவதாக வந்தார். நடுக்கடலில் விழுந்தால் கேட்பாரில்லை என்ற காலம் இப்போது இல்லை என்பதற்காக இதைச் சொன்னேன், ஆபத்து இல்லை என்பதற்காக அல்ல.

இனி மகனுக்கு. நீச்சல் தெரியாமல் ஏறக்கூடாது. உலகத்தை முதன்முதல் தனியாகச் சுற்றிய ஜோஷுவா ஸ்லோகமுக்கு (1895–1898) நீச்சல் தெரியாது என்று யாராவது அவனிடம் சொல்வார்கள், அந்தக் கதையைக் காதில் போட வேண்டாம். கொழும்பில் இருக்கிறவன் என்பதால் பொல்கொடை வாவியில் சின்னப் பாய்ப்படகு ஓட்டப் பழக வாய்ப்பு இருக்கிறது, முதலில் அங்கே போகட்டும். அப்புறம் முதல் பயணம் மாலைதீவு வரைக்கும் போதும், 400 கடல் மைலுக்குக் கொஞ்சம் மேலே, நான்கைந்து நாள். கடவுச்சீட்டு தன் கையிலேயே இருக்க வேண்டும். திரும்பி வரும் விமானச் செலவை யாரையும் நம்பாமல் தனியாக எடுத்து வைக்க வேண்டும். அந்தப் படகில் முன்பு வேலை செய்த ஒருவரோடு பேசாமல் ஏறக்கூடாது. ஏறும் முன் கப்டனிடம் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: உயிர்காப்புத் தெப்பம் கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது, ஈபேர்ப் பதிவாகியிருக்கிறதா, என் அளவுக்கு இடுப்புப் பட்டியும் உயிர்காப்பு அங்கியும் இருக்கின்றனவா. நல்ல கப்டன் சந்தோஷமாக எடுத்துக் காட்டுவார். கேட்டதற்குக் கோபப்படுகிறவர் படகில் ஏற வேண்டாம், சம்பளம் எவ்வளவு என்றாலும்.

மலையில் பிறந்த நமக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? இதையெல்லாம் எதற்கு எழுதுகிறீர்கள்?
– தலவாக்கலை வாசகர்

இந்தக் கேள்வி எனக்கு வலித்தது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நம் ஆட்கள் இந்த மலைக்குக் கடல் தாண்டித்தான் வந்தார்கள். தோணியிலும் பாய்க்கப்பலிலும் நெருக்கி அடைக்கப்பட்டு வந்தார்கள், 1864இல் மூழ்கிய ஆதிலட்சுமி கப்பலோடு எத்தனையோ பேர் தோட்டத்தைக் காணாமலே போனார்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி இந்தியாவுக்குப் போனவர்களும் நம் வீட்டு ஆட்கள்தான். கடல் நமக்குக் கேட்காமல் நடந்த ஒன்றாகவே இருந்திருக்கிறது. யாரும் விரட்டாமல், நம் பிள்ளை ஒன்று தானாக விரும்பிக் கடலுக்குப் போவதை நான் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை வில்லியம் ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார், அவரே 32 அடிப் படகில் உலகைச் சுற்றியவர். வல்வெட்டித்துறை மாலுமிகள்தான் 1938இல் அதை அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இந்தத் தீவில் தமிழருக்குப் பாய் புதிதில்லை.

காற்றும் உங்களுக்குத் தெரிந்ததுதான். மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை தலவாக்கலையில் கொழுந்து எடுக்கவிடாமல் அடிக்கிற மழை தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவருவது. அந்த மாதங்களில் காலிப் பக்கத்துக் கடலில் பாய்ப்படகுக்காரர் எவரும் விரும்பி நிற்கமாட்டார். டிசம்பரில் சிவனொளிபாதமலைக்குச் சனம் ஏறத் தொடங்குகிறதல்லவா, அப்போது காற்று வடகிழக்குக்கு மாறியிருக்கும். தாய்லாந்திலிருந்து சுமார் 1,100 கடல் மைல் தாண்டிக் காலிக்குப் படகுகள் வருவதும், அங்கிருந்து மாலைதீவுக்குப் போவதும் அந்தக் காற்றில்தான். மலைக்குப் போகும் பருவம் தெரிந்தவருக்குக் கடலுக்குப் போகும் பருவமும் தெரியும்.

கடல் நோய் வந்தால்?
– வட்டவளை

பெரும்பாலானோருக்கு வரும், இரண்டு மூன்று நாளில் உடம்பு பழகிவிடும். பிரித்தானியக் கடற்படைத் தளபதி அட்மிரல் நெல்சனுக்கே வந்தது. பஸ்ஸில் கினிகத்தேனை வளைவுகளில் தலை சுற்றுகிறதே, அதே காதுச் சமாசாரம்தான், இங்கே இறங்குகிற இடம் இல்லை. வெளியே உட்கார்ந்து தூரத்து விளிம்பைப் பாருங்கள், கீழே குனிந்து போன் பார்க்காதீர்கள். மாத்திரை என்றால் புறப்படும் முன்பே, மருந்துக்கடையில் கேட்டு.

சாப்பாடு?
– ராகலை

தேங்காய் ரொட்டி. மாவு கெடாது, தேங்காய் வாரக்கணக்கில் இருக்கும், அடுப்பு படகோடு ஆடாமல் தொங்கிக்கொண்டே நேராக நிற்கும்படி செய்திருப்பார்கள். பருப்புக்குப் பிரஷர் குக்கர். குளிர்பெட்டியில் வைக்காத மரக்கறியாகப் பார்த்து வாங்கினால் அதிக நாள் தாங்கும், கோவாவை வெட்டாமல் இலை இலையாக உரித்து எடுங்கள், முட்டையை இரண்டு நாளுக்கு ஒருமுறை திருப்பி வையுங்கள்.

காலியில் இந்தப் படகுகளைப் பார்க்க எப்போது போகலாம்?
– கல்லூரி நண்பர்கள், வெலிமடை

ஜனவரியிலிருந்து மார்ச் வரை. துறைமுகத்துக்குள் அனுமதி இல்லாமல் விடமாட்டார்கள், கோட்டை மதிலில் துறைமுகப் பக்கம் நின்றால் பாய்மரங்கள் தெரியும். படகுக்காரர்கள் காலையில் சந்தைக்கு வருவார்கள், உங்கள் ஊர்ப் பக்கத்துக் கரட்டும் உருளைக்கிழங்கும் வாங்கத்தான். அங்கே பேச்சுக் கொடுங்கள், கொஞ்சம் ஆங்கிலம் போதும். எங்கிருந்து வருகிறீர்கள் என்று எல்லோரும் கேட்பார்கள், நீங்கள் படகில் என்ன பழுது என்று கேளுங்கள், ஒன்றாவது இருக்கும்.